நாக்கில் ஒட்டிய கல்

வெட்ட வேண்டாம் ஐயா. கீழே வைத்துவிடுங்கள். அந்தக் கல்லை மட்டும். மற்றதையெல்லாம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், உடையுங்கள், உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இதை மட்டும் என் கையில் கொடுத்துவிடுங்கள்.

மன்னியுங்கள், மூச்சு வாங்குகிறது. கீழே வாசலில் இருந்தவரிடம் நிலவியல் துறை எங்கே என்று கேட்டேன். "மேல ஏறிப் போங்க, கல்லு அறுக்கிற சத்தம் கேக்கும், அதான்" என்றார். சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். அது வேறு கல்லா? நல்லவேளை.

நான் நித்திலாவின் அப்பா. அறிவரசு. போன வாரம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கல் கொண்டுவந்து கொடுத்தாளே, அந்தப் பெண். லால்குடியில் அச்சகம் வைத்திருக்கிறேன். அரசு அச்சகம். அரசாங்கத்துடையது இல்லை, என் பெயரில் பாதி. பலகையைப் பார்த்துவிட்டு ரேஷன் கார்டில் பெயர் மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. வல்லி, என் மனைவி, "மாத்திக் குடுங்களேன், பிழை புடிக்கிறதுதானே உங்க வேலை" என்பாள்.

தண்ணீர் வேண்டாம் ஐயா. எடுத்து வைத்துவிடுங்கள். என் பையில் பாட்டில் இருக்கிறது, நான் இதில்தான் குடிப்பது. இந்தச் சிவப்புக் கோடா? அது ஓர் அளவுக்கு. சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நம்பிக்கை எதுவும் கிடையாது. ஆவி, ஆன்மா, சாங்கியம், எதுவும். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். என் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. வல்லி வீட்டார் அதை இன்றுவரை மறக்கவில்லை. அதனால் நான் ஏதோ மூடநம்பிக்கையில் இந்தக் கல்லைக் கேட்கிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. இது அரிய பொருள். நீங்களே நித்திலாவிடம் சொல்லியிருக்கிறீர்கள், பத்துக் கோடி வருடத்துக்கு முந்தைய எலும்பாக இருக்கலாம் என்று. அப்படிப்பட்டதை இரண்டாக அறுப்பது நியாயமா? அதுதான் என் கேள்வி.

காணும் பொங்கலன்று போனோம். லால்குடிக்காரர்கள் காணும் பொங்கலுக்கு முக்கொம்புக்குப் போவார்கள். அங்கே எங்கு பார்த்தாலும் தண்ணீர். நான்தான் வேண்டாம் என்றேன். வல்லிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது ஐயா. டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த நோயாளிகளுக்குத் தண்ணீர் அளவு. உள்ளே போவது வெளியே வராது. காலுக்கு இறங்கும், பிறகு நுரையீரலுக்கு ஏறும். அப்படிப்பட்டவளை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய் உட்கார வைக்கலாமா? தண்ணீரே இல்லாத இடமாகப் பார் என்று நித்திலாவிடம் சொன்னேன். அவள் ஃபோனில் தேடி, காரை என்ற ஊரைச் சொன்னாள். பெரம்பலூர்ப் பக்கம். "கல்லாப் போன சிப்பி, எலும்பெல்லாம் கெடைக்குமாம். ஒரு காலத்துல அது கடல்பா" என்றாள். இப்போது இல்லை அல்லவா, அது போதும் என்றேன்.

வல்லியின் அண்ணன் தர்மலிங்கம் தன் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் நான்கு பேர். போய் இறங்கினால் நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. மழை அறுத்துப் போட்ட மேடும் பள்ளமும், துருப்பிடித்த நிறத்தில். நாங்கள் புதைபடிவம் தேடிய லட்சணத்தைக் கேளுங்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தோம். விரல் நீளத்துக்கு வழவழவென்று, நுனி கூராக ஒன்று கிடைத்தது. மச்சான் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, சந்தேகமே வேண்டாம், வெள்ளக்காரன் சுட்ட தோட்டா" என்றார். அது கணவாய்க்கு உறவான ஏதோ ஒன்றின் உள்ளோடு என்று நீங்கள் சொன்னதாக நித்திலா சொன்னாள். அன்றைக்குத் தெரிந்திருந்தால் மச்சானை ஒரு வழி பண்ணியிருக்கலாம். கண்ணாடி மாதிரி மின்னியதை நித்திலா வைரம் என்று பையில் பத்திரப்படுத்தினாள். ஜிப்சமாமே. வரிவரியாகச் சுருண்ட துண்டைப் பார்த்ததும் மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டார். சாளக்கிராமமாம். இங்கே உங்கள் மேசையில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அதேதான். சிப்பியை மட்டும் எல்லோரும் சிப்பி என்றே சொன்னோம்.

நித்திலா ஃபோனைப் பார்த்துப் படித்தாள். "எலும்பா கல்லான்னு சந்தேகமா இருந்தா நாக்குல வெச்சுப் பாக்கணுமாம். எலும்புன்னா ஒட்டுமாம். வெறும் கல்லுன்னா ஒட்டாதாம்."

"ஊர் மண்ண நக்குறதுக்கா பெட்ரோல் போட்டு வந்தோம்?" என்றார் மச்சான். சொல்லிவிட்டு முதலில் நாக்கை நீட்டியவரும் அவர்தான்.

நாங்கள் நான்கு பேரும் அந்த வெயிலில் நின்று கல்லை நக்கினோம் ஐயா. வழியில் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்கு ஒட்டவில்லை. நித்திலாவுக்கும் ஒட்டவில்லை. வல்லி குனிந்து ஒன்றை எடுத்தாள். பெரிய நெல்லிக்காய் அளவு, இரண்டு பக்கமும் தட்டையாக, நடுவில் கொஞ்சம் குழிந்து. முந்தானையில் துடைத்து நாக்கில் வைத்தாள். கையை எடுத்தாள். கல் விழவில்லை. தொங்கியது. நாக்கை நீட்டியபடியே எங்கள் பக்கம் திரும்பினாள். பேச முடியாமல் ஏதோ சொன்னாள். பிறகு கையால் பிடுங்கிக்கொண்டு, "ஒட்டுதுடீ, நித்தி! எனக்குத்தான் ஒட்டுது!" என்று சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மச்சான், "உன் நாக்குக்கு எதுதான் ஒட்டாது" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நாக்கு காய்ந்திருந்தால் எதுவும் ஒட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதை யோசித்தேன். ஆனால் உங்களுக்கும் ஒட்டியிருக்கிறதே. நீங்கள் நாக்கில் வைத்துப் பார்த்தீர்களாமே. நித்திலா சொன்னாள். பரவாயில்லை. அது உங்கள் தொழில் முறை. என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அவ்வளவுதான். அது அவள் வாயில் இருந்தது.

திரும்பும் வழியில் மச்சான் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கினார். அவளுக்கும் ஒன்று வெட்டச் சொன்னார். நான் பிடுங்கி வெளியே எறிந்தேன். இளநீரில் இருக்கும் உப்பு அவள் இதயத்தையே நிறுத்திவிடும், மருத்துவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். "ஒரு வாய்தானே மாப்ளே" என்றார். ஒரு வாய் என்பது ஓர் அளவா மச்சான் என்று கேட்டேன். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் பாட்டில் மூடியில் ஒரு மூடி தண்ணீர் ஊற்றி வல்லியிடம் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. கோபத்தில் பேசாமல் வருகிறாள் என்று நினைத்தேன்.

கல்லை ஒதுக்கி வைத்திருந்தாள் ஐயா. வெற்றிலை ஒதுக்குவதுபோல.

இந்தப் பாட்டிலைப் பாருங்கள். இது அவளுடையது. காலையில் கோடு வரை ஊற்றி வைத்துவிட்டு நான் அச்சகத்துக்குப் போவேன். பிழை திருத்துகிற சிவப்புப் பேனாவால் போட்ட கோடு. ஒரு நாளைக்கு அவ்வளவுதான். காபி குடித்தால் அதில் கழியும், ரசம் ஊற்றினால் அதில் கழியும். நான் ஒரு சொட்டு கூட்டிக் கொடுத்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. மருத்துவரே மற்ற நோயாளிகளிடம் என்னைக் காட்டி, "இவரை மாதிரி பாத்துக்கணும்" என்றார். நீர் சேர்ந்து எடை ஏறாமல் வந்து படுக்கையில் படுத்தவள் அங்கே வல்லி ஒருத்திதான். செவிலியர்கள் ஆச்சரியப்படுவார்கள். அவளும் என்னைக் குறை சொன்னதில்லை. கிண்டல் செய்வாள், அது வேறு. தண்ணீர் கேட்பாள். நான் நீர்ச்சமநிலை, நீர்க்கோவை என்று விளக்குவேன். "தாகம்னு கேட்டா தமிழ் பேசுறாரு" என்று நித்திலாவிடம் சொல்லுவாள். ஒரு நாள் காலையில் எழுந்ததும், "கனவுல கொள்ளிடம் ரெண்டு கரையும் தொட்டுப் போச்சுங்க. நான் குனிஞ்சு அள்ளப் போறேன், நீங்க சட்டையைக் கூடக் கழட்டாம நடு ஆத்துல நின்னு கோடு போட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். நல்ல நகைச்சுவை உணர்வு அவளுக்கு.

ஒரு தடவை மட்டும் சந்தேகப்பட்டேன். மதியம் சாப்பிட வந்தேன். கன்னம் உப்பியிருந்தது. ஐஸ்கட்டி என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் சில நோயாளிகளுக்கு உண்டு. துப்பு என்றேன். துப்பவில்லை. வாயைத் திற என்றேன். நாக்கை நீட்டினாள். காரைக் கல். நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

"இது அளவுல சேராதுல்ல?" என்று கேட்டாள்.

சேராது என்றேன். அறிவியல்படி சேராது. கல்லை வாயில் போட்டால் உமிழ்நீர் ஊறும், தாகம் தெரியாது. அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

பங்குனியில் இறந்தாள். மறுநாள் டயாலிசிஸ் இருந்தது. காலையிலேயே பாட்டிலில் கோடு வரை ஊற்றியது தீர்ந்திருந்தது, வழக்கமில்லாமல். "இன்னிக்கு வெக்கையா இருக்குங்க, ஒரு வாய்" என்றாள். நாளைக்கு மருத்துவமனையில் எடை பார்ப்பார்கள் என்று நினைவூட்டினேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். சண்டை எதுவும் இல்லை. மதியம் வந்து பார்த்தால் கொல்லைப்புறத்தில் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள், சுவரில் சாய்ந்து. தூங்குகிறாள் என்று நினைத்துக் கூப்பிட்டேன். குழாய் மூடியிருந்தது ஐயா. தரை காய்ந்திருந்தது. உள்ளங்கை இரண்டையும் திருப்பிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அதாவது அவள் குடிக்கவில்லை. அவ்வளவு பக்கத்தில் வந்தும் குடிக்கவில்லை. அவளுடைய கட்டுப்பாடு அப்படி. இதை நான் எல்லோரிடமும் சொன்னேன். துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். யாரும் ஒன்றும் பதில் சொல்லவில்லை. சாவு வீட்டில் என்ன பேசுவது என்று பலருக்குத் தெரிவதில்லை.

வாய்க்கரிசி போட வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்தார். நான் வேண்டாம் என்றேன். "உங்க கொள்கைய உங்க சாவுக்கு வெச்சுக்குங்க மாப்ளே, இது எங்க வீட்டுப் பொண்ணு" என்றார். சரி என்று ஒதுங்கிவிட்டேன். தர்மலிங்கத்தின் மனைவிதான் வல்லியின் வாயைத் திறந்தாள். திறந்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வாயில கல்லு இருக்கு" என்றாள்.

தொண்டையில் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கன்னத்தில் இருந்தது, வெளியே எடுத்தார்கள். மச்சான் என்னைப் பார்த்து, "என்ன இது? என் தங்கச்சி வாயில எதுக்குக் கல்லு?" என்றார். காரைக் கல் மச்சான், பொங்கலுக்குப் போனோமே என்றேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமா, தெரியவில்லை. இறந்தவர்களுக்கு வீட்டு மூலையில் ஒரு கல் ஊன்றுவார்கள். அதில் அவர்கள் வந்து தங்குவதாக நம்பிக்கை. கருமாதி வரைக்கும் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றிச் சோறு படைக்க வேண்டும். கருமாதி அன்று எடுத்துக்கொண்டு போய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். போய்விட்டார்கள் என்று கணக்கு. சடங்கு செய்ய வந்தவர் ஒரு பெரியவர். கல்லுக்கு ஆளனுப்பப் போனார்கள், எங்கள் தெருவில் எல்லாம் சிமெண்டுச் சாலை, ஒரு கல் கிடைக்காது. அவர், "எதுக்கு வேற கல்லு? உசிரு போறப்ப வாயில இருந்தது. அதுலதான் இருக்கும்" என்றார்.

அப்படித்தான் இது கல் ஆனது. நீங்கள் மஞ்சள் படிந்திருக்கிறது, இரும்பு கலந்த மண்ணாக இருக்கலாம் என்று நித்திலாவிடம் சொன்னீர்களாம். மஞ்சள்தான் ஐயா. மஞ்சள்தூள்.

ஆண் பிள்ளை இல்லாததால் தண்ணீர் ஊற்ற வேண்டியவன் நான். நம்பிக்கை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நித்திலா என் கையைப் பிடித்து, "ஊத்துங்கப்பா" என்றாள். ஊற்றினேன். ஒரு சொம்பு ஊற்றிவிட்டு அந்தப் பெரியவரைக் கேட்டேன், எவ்வளவு ஊற்ற வேண்டும், அளவு என்ன என்று. அவர் சிரித்துவிட்டார். "செத்தவங்களுக்கு என்னங்க அளவு? கை வலிக்கிற வரைக்கும் ஊத்துங்க" என்றார்.

எனக்குக் கை வலிக்கவில்லை. நித்திலாதான் வந்து சொம்பை வாங்கினாள். கூடத்தில் தண்ணீர் ஓடி வாசல் வரைக்கும் போயிருந்தது.

கருமாதி அட்டை நான்தான் அடித்தேன். நினைவேந்தல் என்று போட்டிருந்தேன். மச்சான் அட்டைக் கட்டு முழுவதையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "உத்தரகிரியைன்னு மாத்துங்க, எங்க ஊர்க்காரன் கட்சிக் கூட்டம்னு நெனச்சு வர மாட்டான்" என்றார். மாற்றி அடித்தேன். என் மனைவிக்கு நானே இரண்டு தடவை அட்டை அடித்தேன்.

கொள்ளிடத்துக்குப் போனோம். பங்குனி முடிந்து சித்திரை பிறந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? மணல்தான். அந்தப் பெரியவர் மண்வெட்டியால் தோண்டினார். தோண்டத் தோண்ட ஈரம் வந்தது, தண்ணீர் வரவில்லை. கடைசியில் கொஞ்சம் ஊறியது, கலங்கலாக. ஒரு பாட்டில் மூடி அளவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். "இதுல விடுங்க, போதும்" என்றார்.

நான் விடவில்லை. என் சட்டைப் பையில் ஒரு ஜல்லிக்கல் இருந்தது. வரும் வழியில், சாலை போடக் குவித்த இடத்தில் எடுத்தது. ஏன் எடுத்தேன் என்று கேட்டால், ஒரு முன்யோசனைதான். அரிய பொருளைச் சேற்றில் போட்டுப் புதைப்பது அறிவுடைமை ஆகாது அல்லவா? ஜல்லியைப் போட்டேன். இதைப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்தோம். எல்லோரும் அழுதார்கள். அறிவியல் நோக்கில்தான் செய்தேன். அங்கே தண்ணீரும் இல்லை.

அதற்குப் பிறகு இது அச்சகத்தில்தான் இருந்தது. என் மேசையில், ஒரு கண்ணாடி டம்ளரில், தண்ணீரில். ஒட்டியிருக்கும் மண் கரைய வேண்டும் என்பதற்காக. ஊற வைத்தால்தானே கரையும்? காலையில் வந்து பார்ப்பேன், தண்ணீர் இறங்கியிருக்கும். ஆவியாகும் என்று எனக்குத் தெரியாதா? மேலே தட்டு போட்டு மூடினேன். அப்போதும் இறங்கியிருந்தது. நீங்கள் சொல்வது புரிகிறது, எலும்பு நுண்துளை உள்ளது, உறிஞ்சும். ஆனால் எத்தனை நாளைக்கு உறிஞ்சும்? ஒரு நெல்லிக்காய் அளவு கல் சித்திரை முழுவதும், வைகாசி முழுவதும் உறிஞ்சுமா? ஊற்றிக்கொண்டே இருந்தேன். டம்ளரில் நான் கோடு எதுவும் போடவில்லை.

ஒரு சத்தம் உண்டு. அச்சு இயந்திரத்தில் மை உருளைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும்போது ஒட்டிப் பிரிகிற சத்தம் வரும். காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிவதுபோல. என் தொழிலில் அதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்போம், காதிலேயே விழாது. இப்போது இயந்திரம் நின்ற பிறகும் விழுகிறது. உருளை சூடு தணியும்போது வருவதாக இருக்கும். பழுது பார்ப்பவரை அழைத்துக் காட்டினேன். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் கேக்கலையே அண்ணே" என்றார். அவர் நிற்கும்போது கேட்காது. பழுது எப்போதுமே அப்படித்தான்.

நித்திலா ஒரு நாள் சோறு கொண்டுவந்தாள். டம்ளரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா, இத ஆத்துல விட்டீங்கல்ல?"

இது வேறு கல், நாம் பொறுக்கியதில் ஒன்று என்றேன். அவள் டம்ளருக்குள் விரலை விட்டுக் கல்லைத் திருப்பினாள். மஞ்சள் தெரிந்தது. என் பக்கத்தில் இந்தப் பாட்டில் இருந்தது, அதை எடுத்துப் பார்த்தாள். "நீங்க ஏம்ப்பா இதுல குடிக்கிறீங்க? உங்களுக்கு என்ன அளவு?" என்றாள். பாட்டில் வீணாகக் கிடக்கிறதே என்று சொன்னேன். மெலிந்துவிட்டேன் என்று அவளுக்கு ஒரு கவலை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் எதையாவது படித்துவிட்டு வந்து கவலைப்படுவார்கள்.

போன வாரம் காலையில் அச்சகத்தைத் திறந்தேன். டம்ளர் இருந்தது. தண்ணீர் விளிம்பு வரைக்கும் இருந்தது. கல் இல்லை. ஒரு நொடி, ஒரு நொடிதான் ஐயா, நான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன். போதும் என்று எழுந்து போய்விட்டாள் என்று. அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களிடம் எப்படிச் சொல்வது. பிறகு புத்தி வந்தது. வீட்டுக்கு ஓடினேன். பிஸ்கட் டப்பாவும் இல்லை.

நேற்றுத்தான் சொன்னாள், உங்களிடம் கொடுத்திருப்பதாக. அறுத்து, மெல்லிசாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எதனுடைய எலும்பு என்று பெயர் சொல்ல முடியும் என்று நீங்கள் சொன்னீர்களாம். சுறாவாக இருக்கலாம், வேறு ஏதாவது பெரிய கடல் பிராணியாகவும் இருக்கலாம் என்றீர்களாம். "அப்பா வந்து கேட்டாக் குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். சொன்னாளா? அப்படியே சொன்னாளா? "அறுத்துட்டா அது வெறும் கல்லுன்னு ஆயிரும்பா" என்றாள் என்னிடம். அதுதான் எனக்குப் புரியவில்லை. வெறும் கல் என்றுதானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? பெயர் தெரிந்தால் தூங்குவாளாம். அவள் தூங்குவதில்லை என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். சொல்லிவிட்டு அழுதாள். வல்லி இறந்தபோதுகூட அவள் என் எதிரில் அழவில்லை.

அதனால் நீங்கள் இக்கட்டில் இருப்பது புரிகிறது. அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்துக் கோடி வருடம். கடலில் நீந்திய பிராணி. கடல் விலகிப் போய்விட்டது, இது மட்டும் அந்த வெயிலில் கிடக்கிறது. கிடந்து கிடந்து, நாக்கைக் கண்டால் ஒட்டிக்கொள்கிற அளவுக்குக் காய்ந்துபோய். அதைக் கொண்டுவந்து இந்த இரும்புச் சக்கரத்தில் காயக் காய வைத்து அறுப்பது என்றால், சூடு பறக்காதா? பொறி பறக்காதா?

என்ன சொன்னீர்கள்?

தண்ணீரிலா?

எங்கே. இந்தத் தொட்டியிலா? சக்கரத்தின் பாதி தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது. சுற்றும்போது அதுவே வாரி மேலே அடிக்குமா? கல் முழுவதும் நனையுமா? உள்ளே அறுபடுகிற இடம் வரைக்கும்? நிற்காமலா? முடிகிற வரைக்கும் நிற்காதா? எவ்வளவு போகும் அப்படி? அளவு என்று ஒன்று இருக்கும் அல்லவா, இத்தனை என்று.

அளவு இல்லையா.

கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் ஐயா. இல்லை, மயக்கம் எல்லாம் இல்லை.

அறுத்த பிறகு ஒரு பாதி உங்களுக்குப் போதுமா? நுண்ணோக்கிக்கு? மற்றப் பாதியை நான் எடுத்துக்கொள்ளலாமா? கொள்ளிடத்தில் இப்போது தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வரும்போது பேருந்து பாலத்தின் மேல் வந்தது, பார்த்தேன். இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. நித்திலா கேட்டால் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். நான் ஏதாவது விளக்கம் கேட்பேன்.

சரி. செய்யுங்கள். இப்படிப் பிடித்துக்கொள்வீர்களா? குழிந்த பக்கம் மேலே இருக்கட்டுமே. நான் இங்கே ஓரமாக நிற்கலாமா? தண்ணீர் தெறிக்கும் என்றால் தெறிக்கட்டும், பரவாயில்லை.

ஒரு நிமிடம். சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். தொட்டியில் கொஞ்சம் குறைவாக இருக்கிறது போலிருக்கிறதே. குழாய்க்கு ஏன் போகிறீர்கள், இருங்கள், என்னிடம் பாட்டில் இருக்கிறது.

ம். இப்போது போடுங்கள்.